பழைய பெயரின் கீழ்ப் புதிய கனிமம்

புதிய கனிமம் என்றவுடன், மனித சஞ்சாரமற்ற மலைச்சிகரமொன்றிலோ ஆழ்சுரங்கத்தின் அடித்தளத்திலோ, இதுவரை எவர் கண்ணிலும் படாத அபூர்வ வர்ணத்தோடு அது கிடைக்கும் என்று எண்ணுவது பொதுஜனங்களின் இயல்பு. கனிமவியல் பயில வரும் மாணவர்களிற் பலரும் அந்த எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆற்றுப் பரலையும் பாறைச் சீவலையும் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கோ வேறோர் அபிப்பிராயம் வேரூன்றிவிட்டது. ஏற்கெனவே யாரோ எடுத்துக் கழுவி, தரம் பிரித்து, ஏதோவொரு பெயரெழுதிய சீட்டோடு பெட்டியில் வைத்த கற்களுக்குள்ளேயே புதிய கனிமங்கள் பல கிடக்கின்றன. அவற்றைக் கண்டவர்கள் தூரதேசம் சென்றவர்கள் அல்லர். இரண்டு அளவைகள் ஒன்றோடொன்று இசையாதபோது, அந்த இசைவின்மையைச் சமாதானம் சொல்லி மூடிவிடாமல், அதையே பற்றிக்கொண்டு நின்றவர்கள்.

இதற்கு என் நாடான இலங்கையின் கற்களே சாட்சி. இரத்தினபுரிப் பகுதியின் வயல்களுக்கடியில், அகழ்வோர் 'இல்லம்' என்று சொல்லும் சரளைப் படையிலிருந்து நீலமும் வைடூரியமும் புஷ்பராகமும் வருவதுபோலவே, தேன் நிறத்திலிருந்து கரும்பழுப்பு வரையில் வேறுபடும் ஒருவகைக் கல்லும் வெகுகாலமாக வந்துகொண்டிருந்தது. பழுப்புப் பெரிடாட் என்று வியாபாரிகள் அதனை விற்றார்கள். நூதனசாலைகளும் அந்தப் பெயரிலேயே அதனைக் காட்சிக்கு வைத்திருந்தன. 1952 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நூதனசாலையைச் சேர்ந்த கிளாரிங்புல், ஹே என்னும் இரு விஞ்ஞானிகள், அது பெரிடாட்டே அன்று, ஒரு மகனீசியமும் ஒரு அலுமினியமும் ஒரு போரனும் நான்கு ஒட்சிசனோடு சேர்ந்து அமைந்த தனிக் கனிமம் என்று நிரூபித்து, அதற்குச் சின்ஹலைட் என்று பெயரிட்டார்கள். அதுவரையில் எத்தனை கற்கள் மோதிரங்களிலும் பதக்கங்களிலும் பெரிடாட்டாகவே வாழ்ந்தன என்பதை எவரும் கணக்கெடுக்க முடியாது.

நிபுணர்களின் கண்ணையும் அது இத்தனை காலம் ஏமாற்றிய காரணத்தைச் சற்று நிதானமாக ஆராய வேண்டும்; ஏனெனில், இந்தத் தொழிலின் பாடங்களிற் பாதி அந்த ஒரு காரணத்துக்குள் அடங்கியிருக்கிறது. ஒளி கல்லுக்குள் புகும்போது எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் முறிவுச் சுட்டி, நல்ல பெரிடாட்டில் 1.654 முதல் 1.690 வரை இருக்கும். சின்ஹலைட்டில் அது 1.668 முதல் 1.707 வரை. அடர்த்தி பெரிடாட்டில் 3.34 அளவு, சின்ஹலைட்டில் 3.48. ஆகவே வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பெரிடாட் என்பது ஒலிவின் இனத்தைச் சேர்ந்தது. அந்த இனத்தில் மகனீசியத்தின் இடத்தை இரும்பு பிடிக்கப் பிடிக்க, முறிவுச் சுட்டியும் உயரும், அடர்த்தியும் உயரும். எனவே, கனமும் கூடுகிறது, சுட்டியும் கூடுகிறது, நிறமும் பழுப்பாக இருக்கிறது, இது இரும்பு மிகுந்த பெரிடாட் என்று ஒருவர் சொன்னால், அந்த விளக்கம் அழகாகப் பொருந்திவிடுகிறது. இரண்டு அளவைகள் சேர்ந்து ஒரே பொய்ச்சாட்சி சொல்லும் சந்தர்ப்பம் இது.

என்னிடம் பயின்ற மாணவர்களுக்கு முதன்முதலாக நான் கொடுக்கும் பயிற்சியும் இதுவே. இரண்டு சிறு கண்ணாடிக் குப்பிகளில் மெதிலீன் அயடைட்டு என்னும் பாரமான திரவத்தை ஊற்றி, ஒன்றில் பெரிடாட்டையும் மற்றதில் சின்ஹலைட்டையும், பெயர் சொல்லாமல், இட்டுக் காட்டுவேன். அத்திரவத்தின் அடர்த்தி 3.32. பெரிடாட் அதைவிட மயிரிழையே பாரமாதலால், தயங்கித் தயங்கி, சுழன்றுகொண்டு கீழே இறங்கும். சின்ஹலைட் நேரே போய் அடியில் தட்டும். "இரண்டாவது கல்லில் இரும்பு கூட, சேர்," என்று மாணவன் சொல்வான். "அப்படியானால் முறிவுமானியில் வைத்து முழுச் சுற்றும் சுழற்றிப் பார், தம்பி. மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் மட்டும் எழுதாதே, ஒவ்வொரு ஓரமும் எங்கிருந்து எங்கு நகர்கிறது என்பதையும் எழுது," என்பேன்.

அந்த நகர்வில்தான் உண்மை இருக்கிறது. இவ்வகைப் படிகங்களுக்கு முறிவுச் சுட்டிகள் இரண்டல்ல, மூன்று. மிகச் சிறியது, மிகப் பெரியது, இடைப்பட்டது. முறிவுமானியின் கண்ணாடித் துண்டின் மேல் கல்லைச் சுழற்றும்போது, அளவுகோலில் தெரியும் இரண்டு நிழல் ஓரங்களும் மெல்ல இடம்பெயரும். பெரிடாட்டில் இடைப்பட்ட சுட்டி ஏறக்குறைய நடுவில் நிற்பதால், இரண்டு ஓரங்களுக்கும் ஏறத்தாழச் சமமான இடந்தான் நகர்வதற்கு உண்டு. சிறிதளவு இரும்பு ஏறினாலும் அந்த நடுநிலை பெரிதாக மாறுவதில்லை. மூன்று சுட்டிகளும் சேர்ந்தே உயரும். சின்ஹலைட்டிலோ இடைப்பட்ட சுட்டி 1.698, அதாவது, மேலெல்லையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மேலோரம் 1.707 இலிருந்து சிறிதே அசையும். கீழோரம் நெடுந்தூரம் உலாவ முடியும். சுட்டியை இந்த அளவுக்கு உயர்த்தப் போதுமான இரும்பைச் சேர்த்தாலும் பெரிடாட்டை இப்படி நடக்கச் செய்ய முடியாது. நிறமாலைமானியிலும் இதற்கு ஒத்தாசை உண்டு. பெரிடாட் காட்டும் மூன்று உறிஞ்சற் பட்டைகளோடு, 463 நானோமீற்றரில் நான்காவது பட்டை ஒன்றும் சின்ஹலைட்டில் தெரியும்.

ஒரு நடைமுறைக் குறிப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எந்த முகத்தை வைத்துச் சுழற்றினாலும், மிகச் சிறிய சுட்டியும் மிகப் பெரிய சுட்டியும் தப்பாமல் கிடைக்கும். ஆனால் கீழோரம் ஏறும் உச்சியும் மேலோரம் இறங்கும் அடியும் ஆகிய இரண்டில் எது உண்மையான இடைச் சுட்டி என்பது ஒரு முகத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. வேறொரு முகத்தையும் வைத்துச் சுழற்றினால், இரண்டு முகங்களுக்கும் பொதுவாக நிற்கும் எண் எதுவோ அதுவே இடைச் சுட்டி. சோம்பல் காரணமாக ஒரே முகத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அநேகர். அளவை எடுக்க வேண்டிய சிரமம் மிகச் சொற்பம். அதனால் கிடைக்கும் சாட்சியமோ விலைமதிக்க முடியாதது.

அடர்த்தியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பட்டை தீட்டிய கல்லானால் நீரில் தொங்கவிட்டு நிறுக்கலாம். மணலளவுப் பரலானால் நீர் உதவாது, அதன் பரப்பிழுவிசை கம்பியையும் பரலையும் பிடித்து இழுத்துக் கணக்கைக் குழப்பிவிடும். தொலுயீன் போன்ற பரப்பிழுவிசை குறைந்த திரவத்தைப் பயன்படுத்தி, அதன் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். பரலின் வெடிப்புகளில் ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழி, இல்லாத இலேசுத்தன்மையைக் கல்லுக்கு ஏற்றிவிடும். ஆதலால் நிறுப்பதற்கு முன் நுணுக்குக்காட்டியில் பார்த்துக் குமிழியற்ற துண்டைத் தெரிந்தெடுப்பதே உத்தமம்.

இனி இரசாயனம். சின்ஹலைட்டில் போரன், அதே நாட்டுச் சரளைகளிலிருந்து வந்த டாஃபைட்டில் பெரிலியம், இன்னும் பல புதிய கனிமங்களில் இலித்தியமும் ஐதரசனும் என்று, பெயர் மறைந்து கிடந்த கனிமங்களில் இலேசான மூலகங்களின் கைவரிசை அடிக்கடி தென்படுகிறது. இக்காலத்து ஆய்வுகூடங்களில் முதலில் நாடப்படுவது இலத்திரன் நுணுக்குக்காட்டியோடு இணைந்த எக்ஸ்-கதிர்ப் பகுப்புக் கருவி; இரண்டு நிமிஷங்களில் அது மூலகங்களின் பட்டியலைத் தந்துவிடும், கூட்டுத்தொகை நூறு என்றும் காட்டும். அந்த நூறை நம்பவே கூடாது. கருவி தான் கண்ட மூலகங்களை மட்டும் எடுத்து, அவற்றை நூறாக விரித்துக் காட்டுவது சாதாரணமாக அதற்கு இடப்பட்டிருக்கும் கட்டளை. காணாதவற்றைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

சின்ஹலைட்டையே எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். சுத்தமான கனிமத்தில் மகனீசிய ஒட்சைட்டு 32.0 சதவீதம், அலுமினிய ஒட்சைட்டு 40.4 சதவீதம், போரன் ஒட்சைட்டு 27.6 சதவீதம். போரனைக் காணாத கருவி மற்ற இரண்டையும் 44.2, 55.8 என்று விரித்து நூறாக்கிவிடும். அதைப் பார்த்தவர், மகனீசியமும் அலுமினியமும் மட்டுமே உள்ளதால் ஸ்பைனல் என்று எழுதிவிடக் கூடும். ஆனால் ஸ்பைனலில் இருக்க வேண்டியவை 28.3, 71.7. விரிக்காத உண்மைக் கூட்டுத்தொகையை, தக்க நியமப் பொருள்களோடு ஒப்பிட்டு, இலத்திரன் நுண்பகுப்புக் கருவியில் எடுத்திருந்தாலோ, 72.4 என்ற எண் ஆய்வாளரின் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்கும். டாஃபைட்டில் நிலைமை இன்னும் சூட்சுமம். அங்கே பெரிலிய ஒட்சைட்டின் பங்கு 4.5 சதவீதந்தான், அதை விட்டுவிட்டால் கூட்டுத்தொகை 95.5. மெருகு சரியில்லை, கார்பன் பூச்சு தடித்துவிட்டது என்று காரணம் சொல்லி ஒதுக்கிவிடுவதற்கு வெகு சௌகரியமான குறை அது. ஆகவே, என் அனுபவத்தில் உறைத்த விதி இது: குறை பெரிதோ சிறிதோ, அதே மெருகுத் துண்டில், அதே பூச்சின் கீழ் இருக்கும் நன்கறிந்த அயற்கனிமம் ஒன்றையும் அளந்து பார்க்க வேண்டும். அயலானின் கூட்டுத்தொகை நூறாக வந்து, சந்தேகத்துக்குரியதன் கூட்டுத்தொகை மட்டும் குறையுமானால், குறை கருவியினுடையதன்று, கனிமத்தினுடையது.

டாஃபைட்டின் சரித்திரத்தை நினைக்குந்தோறும் எனக்கு உள்ளம் பூரிக்கிறது. 1945 ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் நகரில், ரிச்சர்ட் டாஃப் என்னும் இரத்தினப் பரிசோதகர், நகைக்கடையொன்றிலிருந்து வாங்கிய பலவகைக் கற்களைத் தரம் பிரிக்கும்போது, 1.419 காரட் நிறையுள்ள இளம் செவ்வூதாக் கல்லொன்றைக் கண்டார். நிறம், கனம், சுட்டி எல்லாம் ஸ்பைனலுக்கே உரியவை. ஆனால் கல்லின் வழியாகப் பின்புற முகங்களின் விளிம்புகளைப் பார்த்தபோது, அவை ஒவ்வொன்றும் இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பைனல் கனசதுரப் படிக வகுப்பைச் சேர்ந்தது. அதில் ஒளி இரண்டாகப் பிரிய வழியே இல்லை. டாஃப் அந்த இரட்டை விளிம்பை விட்டுவிடவில்லை. அதே ஆண்டு நவம்பர் முதலாந் தேதி, இலண்டன் வர்த்தக சங்கத்தின் ஆய்வுகூடத்திலிருந்த ஆண்டர்சனுக்குக் கல்லை அனுப்பினார். சிறிதளவு துண்டு வெட்டியெடுக்கப்பட்டது. கிளாரிங்புல் எக்ஸ்-கதிர்ப் படமெடுத்தார். ஹே சில மில்லிகிராம் பொருளைக் கொண்டே இரசாயனப் பகுப்பைச் செய்து முடித்தார். 1951 இல் வெளியான விவரணம், பட்டை தீட்டிய இரத்தினமாகவே முதன்முதல் இனங்காணப்பட்ட கனிமம் என்ற விசேஷத்தோடு டாஃபைட்டை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. பெரிலியமும் மகனீசியமும் ஒருங்கே இன்றியமையா அங்கங்களாக அமைந்த முதற் கனிமமும் அதுவே. அது தரும் இரட்டை முறிவின் அளவோ ஏறக்குறைய 0.005 தான். ஸ்பைனல் என்று எழுதிய சீட்டை நம்பினவர் எவரும் அதைத் தேடியிருக்க மாட்டார்.

பேருவளையில் எனக்குப் பழக்கமான ஒரு மாணிக்க வியாபாரி, கடுதாசிப் பொட்டலத்திலிருந்து கல்லை மேசைமேல் கொட்டுமுன், "நானா, இது என்ன கல்?" என்று நான் கேட்டால், "நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், பிறகு நான் சொல்கிறேன்," என்பார். பெயரை முன்னரே கேட்டுவிட்டால் கண் அந்தப் பெயருக்கு அடங்கிவிடும் என்பது அவருடைய அனுபவம். ஆய்வுகூடத்திலும் நான் இதையே கைக்கொண்டேன். மாதிரியைக் கொண்டுவருபவர் அதற்குச் சூட்டிய பெயரைத் தனித்தாளில் எழுதி மடித்து வைக்கச் சொல்லி, அளவைகள் முடிந்த பின்னரே பிரிப்பது வழக்கம்.

எக்ஸ்-கதிர்ச் சிதறற் படம் இந்த விசாரணையில் நீதிபதியின் ஸ்தானத்தை வகிக்கிறது என்றாலும், அதற்கும் எல்லை உண்டு. சின்ஹலைட்டின் அணுக்கட்டமைப்பு ஒலிவினுடைய அதே மாதிரியைச் சேர்ந்தது. ஒலிவினில் சிலிக்கன் இருக்கும் இடத்தில் இங்கே போரன். மகனீசியத்தின் ஒரு பாகத்துக்குப் பதிலாக அலுமினியம். அங்கே இரண்டும் நான்கும் சேர்ந்து ஆறு ஏற்றங்கள், இங்கே மூன்றும் மூன்றும் சேர்ந்து ஆறு. கணக்கு இம்மியும் பிசகாமல் சரியாகிவிடுகிறது. ஆகவே படத்தின் கோடுகள் ஒலிவினின் சாயலிலேயே அமைந்து, ஆனால் போரன் சிலிக்கனைவிடச் சிறிதாகையால், அலகுக் கூடு சுருங்கியதைக் காட்டும் வகையில் இடம்பெயர்ந்திருக்கும். சாயலைக் கண்டு திருப்தியடையாமல், ஒவ்வொரு கோட்டின் இடைவெளியையும் அளந்து, அலகுக் கூட்டின் பரிமாணங்களைக் கணித்து, அவற்றையும் சூத்திரத்தையும் கொண்டு அடர்த்தியைக் கணக்கிட்டு, நிறுத்துக் கண்ட அடர்த்தியோடு ஒப்பிட வேண்டும். இரசாயனம், அடர்த்தி, முறிவுச் சுட்டி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்று பார்க்கும் கிளாட்ஸ்டன்-டேல் ஒப்பீடும் இதே நோக்கத்தது. மூன்றில் ஒன்று தவறாயிருந்தால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். விவரணத்தை எழுதத் தொடங்குவதற்கு முன்பே இதனைச் செய்துவிடுமாறு இளைஞர்களை நான் வற்புறுத்துவேன்.

இன்னொரு பெரிய அபாயம் கலப்பு. இரண்டு பழைய கனிமங்கள் மைக்ரோமீற்றர் அளவில் பின்னிக் கிடக்கும்போது, இலத்திரன் கற்றை இரண்டையும் சேர்த்து அளந்து, இரண்டுக்கும் நடுவான ஒரு சூத்திரத்தைக் கொடுக்கும். அந்தச் சூத்திரம் எந்தப் பட்டியலிலும் இராது. புதிய கனிமம் கிடைத்துவிட்டதென்று மனம் துள்ளும். பின்சிதறிய இலத்திரன்களால் எடுக்கப்படும் உருவப்படத்தை, சாம்பல் நிறப் பேதங்கள் முழுதும் தெரியும்படி மாறுபாட்டை உயர்த்திப் பார்த்து, பரல் உண்மையில் ஒரே தன்மையதா என்று நிச்சயித்த பின்னரே பகுப்புக்குச் செல்ல வேண்டும். பரலின் பல இடங்களில் அளந்த எண்கள் ஒரு நேர்கோட்டில் வரிசையாக விழுந்து, அக்கோடு இரண்டு பழைய கனிமங்களை இணைக்குமானால், அது கலப்பே என்பதில் ஐயமில்லை.

எக்ஸ்-கதிர்கூட மௌனமாகிவிடும் கனிமங்களும் உண்டு. 1953 ஆம் ஆண்டில் ஏக்கநாயக்க என்பவர் எஹெலியகொடைப் பகுதியின் இரத்தினச் சரளையில் கண்டெடுத்த பச்சைக் கல், 1961 இல் அவர் பெயராலேயே ஏகனைட் என்று விவரிக்கப்பட்டது. கல்சியம், தோரியம், சிலிக்கன் ஆகியவை கொண்ட அக்கனிமம், தன்னுள்ளிருக்கும் தோரியத்தின் கதிர்வீச்சினாலேயே காலக்கிரமத்தில் தன் அணுவரிசை குலைந்து, கண்ணாடிபோல் ஆகிவிட்டது. இரட்டை முறிவும் இல்லை, கூரிய சிதறற் கோடுகளும் இல்லை. இத்தகையவற்றைக் கனிமமாக ஏற்பதற்கு, ஆதியில் அது அதே சேர்க்கையுள்ள படிகமாக இருந்தது என்று நியாயமான உறுதியோடு காட்ட வேண்டும் என்பது விதி. படிகத்தின் புறவடிவம் எஞ்சியிருந்தால் அது ஒரு சாட்சி. சூடாக்கி அணுவரிசையை மீட்பது மற்றொரு வழி. ஆயினும், மிகையாகச் சூடாக்கினால் பழைய கனிமத்துக்குப் பதிலாக வேறொன்று விளைந்துவிடக் கூடுமாதலால், வெப்பநிலையைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் படமெடுப்பதே நேர்மையான முறை. கதிர்வீச்சுடைய மாதிரியைச் சட்டைப்பையில் வைத்துத் திரிவதும், அதன் தூள் பறக்கும் அறையில் உணவு கொள்வதும் அறவே கூடாதென்பதையும் சொல்லி வைக்கிறேன்.

தோரியத்தைச் சொன்னதும் ஆனந்தக் குமாரசுவாமியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கலைத் தத்துவத்தின் மேதையாகத் தமிழர்கள் போற்றும் அப்பெரியார், இளம் பிராயத்தில் புவியியல் பயின்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுப் பகுதியின் தலைவராக விளங்கியவர் என்பதைப் பலர் அறியார்கள். நடராஜ தாண்டவத்தின் தத்துவத்தை விளக்கிய கை, அதற்கு முன் இலங்கைப் பாறைகளைச் சம்மட்டியால் உடைத்துப் பார்த்த கை. கண்டிப் பகுதியில், சுண்ணப் பாறையும் கருங்கற் பாறையும் சந்திக்கும் இடத்தில் கிடைத்த நீலநிறக் கனிமத்தை அவரும் இலண்டனைச் சேர்ந்த பிரையரும் ஆராய்ந்து, 1903 இல் செரண்டிபைட் என்ற பெயரோடு விவரித்தார்கள். அதிலும் போரன் இருந்தது. அடுத்த ஆண்டில், சப்பிரகமுவச் சரளையில் கிடைத்த, அடர்த்தி 9 க்கும் மேற்பட்ட கருங் கனசதுரப் பரல்கள் அவருடைய கவனத்துக்கு வந்தன. பார்வைக்கு அவை யுரேனினைட்டையே ஒத்திருந்தன. அவரும் முதலில் அவ்வாறே கருதினார். ஆயினும் மாதிரிகள் இலண்டனிலுள்ள ஏகாதிபத்திய நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு, டன்ஸ்டன் செய்த பகுப்பில், ஏறக்குறைய முக்காற் பாகம் தோரிய ஒட்சைட்டு என்று தெரிந்தது. தோரியனைட் என்ற கனிமம் இவ்வாறு பிறந்தது. மறு ஆண்டே, விஞ்ஞானி ராம்சேயின் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த ஓட்டோ ஹான், இந்த இலங்கைத் தோரியனைட்டிலிருந்து பெறப்பட்ட பொருளை ஆராயும்போது ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டார். தோற்றத்தால் தோன்றிய பெயரைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, முழுப் பகுப்புக்கு அனுப்பிய அந்தச் செயலைத்தான் நான் இங்கே வாசகர் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

எல்லா வேறுபாடும் புதிய இனமாகிவிடாது. கெம்பும் நீலமும் நிறத்தால் வேறாயினும் கொரண்டம் என்ற ஒரே கனிமம். அணுக்கட்டமைப்பில் ஓர் இடத்தை எந்த மூலகம் அதிகப் பங்கு பிடித்திருக்கிறதோ அதுவே இனத்தைத் தீர்மானிக்கும்; இரண்டு மூலகங்கள் மட்டும் போட்டியிடும் இடமானால் பாதியைத் தாண்டியது வெல்லும். 49 சதவீதத்தில் நிற்கும் மாதிரியைக் கொண்டு புதிய பெயர் கேட்டால் கிடைக்காது. அதே பாறையில் 55 சதவீதமுள்ள பரலைத் தேடிப் பிடிப்பதே வேலை. இதற்கு, மெருகிட்ட துண்டின் முழுப்பரப்பையும் பொறுமையாக வரிசை வரிசையாகப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்கு வழியை நான் அறியேன்.

சின்ஹலைட்டும் டாஃபைட்டும் பிறந்த காலத்தில், விவரணத்தை ஒரு சஞ்சிகையில் வெளியிட்டாலே போதுமாயிருந்தது. 1892 இல் கனிமவியலாளர் பிளெச்சர், இறக்குவானையிலிருந்து ஜோசப் பாட்லி என்பவர் கொண்டுவந்த சிர்க்கோனிய ஒட்சைட்டுக்குப் பாட்லியைட் என்று பெயரிட்ட காலத்தையொட்டியே, பிரேசிலில் கிடைத்த அதே கனிமத்துக்கு ஹுசாக் பிரேசிலைட் என்று பெயரிட்டார். ஒரே பொருள் இரு பெயரோடு சில காலம் உலாவியது. இக்காலத்தில் இத்தகைய குழப்பத்துக்கு இடமில்லை. சர்வதேசக் கனிமவியற் சங்கம் 1959 இல் ஏற்படுத்திய ஆணைக்குழுவின் அங்கீகாரமின்றி எந்தப் புதுக் கனிமமும் ஏற்கப்படுவதில்லை. ஏற்கப்பட்ட கனிமங்களின் தொகை இன்று 6,000 ஐத் தாண்டிவிட்டது. பல நாடுகளின் பிரதிநிதிகளான அங்கத்தினர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் வாக்களித்து, வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் இணங்கினால்தான் கனிமம் நிலைபெறும். அங்கீகாரம் கிடைத்த இரண்டு ஆண்டுகளுக்குள் முழு விவரணமும் அச்சில் வர வேண்டும்.

அந்த ஆணைக்குழுவுக்கு அனுப்பும் பத்திரத்தைத் தயாரிப்பதில் பங்குகொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கேட்கப்படும் இலட்சணங்களில் எதையேனும் அளக்க முடியாவிட்டால், அந்த இடத்தை வெறுமையாக விடாமல், ஏன் அளக்க முடியவில்லை என்று எழுத வேண்டும். பரல் மிகச் சிறியது, ஆதலால் அடர்த்தியைக் கணக்கிட்டோம், நிறுக்கவில்லை என்ற ஒரு வாக்கியம், அங்கத்தினரின் பத்துக் கேள்விகளைத் தடுத்துவிடும். ஒத்த கனிமங்களோடு ஒப்பிடும் பகுதியைப் பலரும் கடைசியில் அவசரமாக எழுதுகிறார்கள். அதை முதலில் எழுதுவது என் பழக்கம். எதைப் போலிருக்கிறது, எதனால் அதுவன்று என்று தெளிவாக எழுதி முடித்தவருக்கு, எந்த அளவை இன்னும் போதாது என்பது தானே புலப்படும்.

பெயரிடுவதில் அதிகம் பேச வேண்டியதில்லை. இடப்பெயராகவோ, சேர்க்கையைக் குறிப்பதாகவோ, ஒரு மனிதரைக் கௌரவிப்பதாகவோ இருக்கலாம்; உயிரோடிருப்பவரானால் அவருடைய சம்மதம் வேண்டும்; விவரிப்பவர் தம் பெயரையே இட்டுக்கொள்ளக் கூடாது. சூட்டிய பெயரும் சாசுவதமன்று. டாஃபைட்டின் முதற் சூத்திரம் 1980 களில் திருத்தப்பட்டு, மகனீசியம் மூன்று, பெரிலியம் ஒன்று, அலுமினியம் எட்டு, ஒட்சிசன் பதினாறு என்று நிலைபெற்றது. 2002 இல் அந்தக் குடும்பத்தின் பெயரீடு முழுவதும் சீரமைக்கப்பட்டபோது, அதன் உத்தியோகபூர்வப் பெயரும் மக்னீசியோடாஃபைட் என்று தொடங்கும் நீண்ட பெயராயிற்று.

பத்திரத்தோடு சேர்த்துக் கேட்கப்படுவது மூலமாதிரி வைக்கப்பட்ட நூதனசாலையின் பெயரும் பதிவிலக்கமும். இதனைக் கடைசி வாரத்தில் செய்ய முடியாது. நூதனசாலைகள் தமக்குரிய நிதானத்தில் இயங்குபவை. கனிமம் புதிது என்ற சந்தேகம் உறுதிப்பட்டவுடனேயே பொறுப்பாளருக்குக் கடிதம் எழுதிவிடுவது நல்லது. கொடுக்கும்போது, இரசாயனப் பகுப்புச் செய்த மெருகுத் துண்டு, எக்ஸ்-கதிர்ப் படமெடுத்த படிகம், எதற்கும் உட்படுத்தாத மீதிப் பொருள் ஆகிய மூன்றையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்து, மெருகுத் துண்டின் பெரிதாக்கிய உருவப்படத்தில் அளந்த பரல்களை வட்டமிட்டுக் காட்டி, அந்தப் படத்தையும் உடன் கொடுக்க வேண்டும். ஐம்பது மைக்ரோமீற்றர் பரலொன்றை, வட்டமிட்ட படம் இல்லாமல், இருபது ஆண்டுகளுக்குப் பின் வருகிற ஆய்வாளர் எவராலும் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. மாதிரி எந்தப் பெயரில் முதலில் வந்து சேர்ந்ததோ அந்தப் பழைய சீட்டையும் எறிந்துவிடாமல் பெட்டியோடு சேர்த்துவிடுங்கள். அதே பெயரில் வேறு நூதனசாலைகளில் இருக்கும் கற்களை எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கு அதைக் காட்டிலும் நல்ல வழிகாட்டி கிடையாது.